ஒரே காட், ஒரே முத்திரை: சில வீடுகளில் மட்டும் தபாற்காரர் காசு கேட்டது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் இருந்து கல்யாண அழைப்பிதழ்களை 50 ரூபா முத்திரை ஒட்டித் தபாலில் போட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவை ஒரு சிக்கலும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டன. யாழ்ப்பாணத்தில் மூன்று வீடுகளிலும் வவுனியாவில் ஒரு வீட்டிலும் மட்டும் தபாற்காரர் காசு வாங்கியிருக்கிறார். இன்னொருவர் கொடுக்க மறுத்ததால் அந்த உறை, "20 கிராமுக்கு மேல்" என்று பேனையால் எழுதப்பட்டு உங்களிடமே திரும்பி வந்திருக்கிறது. கட்டணம் தவறா, முத்திரை தவறா, இல்லை தபாற்காரர் தன் பாட்டுக்கு வாங்கினாரா என்பது உங்கள் சந்தேகம். இன்னும் அறுபது உறைகள் வீட்டில் இருக்கின்றன, சில கனடாவுக்கும் லண்டனுக்கும் போக வேண்டியவை. உண்மையில் நீங்கள் கேட்பது "ஒரே மாதிரியான உறைக்கு எப்படி இரண்டு தீர்ப்பு வரும்?" என்பதுதான். அதற்குப் பதில் சொன்னால் மற்றவை தானாகத் தெளியும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. 2022 ஆகஸ்ட் 15 முதல் சாதாரண உள்நாட்டுக் கடிதத்தின் ஆகக் குறைந்த கட்டணம் 15 ரூபாவில் இருந்து 50 ரூபாவாக ஏறியது. இந்த 50 ரூபா முதல் நிறைப்படிக்கு, அதாவது 20 கிராம் வரைக்கு, மட்டும் உரியது, எல்லாக் கடிதத்துக்கும் உரியதல்ல. தபால் கட்டணம் பஸ் கட்டணம் மாதிரி படிப்படியாகத்தான் ஏறும். படியின் எல்லையைச் சற்றே தாண்டினாலும் அடுத்த படிக்கான முழுக் காசையும் கொடுக்க வேண்டும். 20 கிராம் சரியாக இருந்தால் முதல் படி, 20.3 கிராம் என்றால் அடுத்த படி. "கிட்டத்தட்ட இருபது" என்று ஒரு படி கிடையாது.

இனி உங்கள் உறையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் சொன்ன அளவு, மடித்தால் 7 அங்குலத்துக்கு 5 அங்குலம். விரித்தால் 14க்கு 5. அதைச் சதுர மீற்றரில் மாற்றினால் ஏறத்தாழ 0.045 வரும். கல்யாண காட்டுக்கு அச்சகங்கள் வழக்கமாக எடுக்கும் 300 ஜீஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் என்ற அளவு) மட்டையானால், காட் மட்டுமே பதின்மூன்றரைக் கிராம். அந்த அளவுக்கான உறை, மடிப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், 100 ஜீஎஸ்எம் தாளில் 6 கிராம் அளவிலும் 120 ஜீஎஸ்எம் தாளில் 7 கிராம் அளவிலும் வரும். ஆக மொத்தம் பத்தொன்பதரையில் இருந்து இருபதரை வரை. இதற்குள் மண்டபத்துக்கு வழிகாட்டும் சின்னத் தாள் ஒன்றையும் வைத்திருந்தால் இன்னும் ஒன்றேகால் கிராம். உங்கள் உறை எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது என்பதுதான் இந்தக் கணக்கின் பொருள். ஒரு உறை இந்தப் பக்கமும் அடுத்தது அந்தப் பக்கமும் விழுவதற்கு யாரும் தவறு செய்திருக்க வேண்டியதில்லை.

கோட்டின் மேல் நிற்கும் உறையைத் தள்ளிவிடும் சின்ன விசயங்கள் சில உண்டு. காகிதம் ஈரத்தை உறிஞ்சும். ஏசி போட்ட அச்சகத்தில் இருந்து வந்த காட்டை கொழும்பின் மழைக்கால ஈரக்காற்றில் இரண்டு மூன்று நாள் மேசையில் வைத்திருந்தால், 20 கிராம் தாளில் அரைக் கிராமுக்கு மேல் ஏறிவிடும். முத்திரைக்கும் நிறை உண்டு. சாதாரண அளவு முத்திரை ஒன்று ஏறத்தாழ 0.1 கிராம் இருக்கும். 50 ரூபா முத்திரை ஒன்றுக்குப் பதில் கையில் கிடந்த 10 ரூபா முத்திரைகள் ஐந்தை ஒட்டியிருந்தால் கிட்டத்தட்ட அரைக் கிராம் கூடுகிறது. மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் அது காய்ந்த பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை. ஈரமாக உறைக்குள் வைத்தால் மட்டும் கணக்கில் வரும். மட்டையும் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரே கட்டில் வந்த தாள்களே இரண்டு மூன்று சதவீதம் முன்பின்னாக இருக்கலாம், பதின்மூன்றரைக் கிராம் காட்டில் அது ஒரு கிராமில் மூன்றிலொரு பங்கு.

அப்படியென்றால் ஏன் எல்லா உறையும் பிடிபடவில்லை? நீங்கள் பெட்டியில் போட்ட கடிதத்தை யாரும் ஒன்றொன்றாக நிறுப்பதில்லை. நம் நாட்டில் கடிதம் பிரிப்பது பெரும்பாலும் கையால் நடக்கும் வேலை. திகதி முத்திரை குத்தும் இடம், டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் மத்திய தபால் பரிமாற்றகம், கடைசியாகக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் தபால் கந்தோர் ஆகிய மூன்று இடங்களில் கடிதம் ஒருவர் கையில் இருக்கிறது. பழகிய கைக்குத் தடிப்பான உறை உடனே தெரியும். சந்தேகம் வந்தால் தராசில் வைப்பார், வேலை குவிந்து கிடந்தால் வைக்க மாட்டார். ஆகவே நூற்றுக்கணக்கான உறைகள் பிடிபடாமல் போனது அவற்றின் கட்டணம் சரி என்பதற்கு ஆதாரம் ஆகாது. அதேபோல நான்கு பேரிடம் காசு வாங்கியது மட்டும் அந்த நான்கு உறையும் உண்மையாகவே கூடுதல் நிறை என்பதற்கு ஆதாரம் ஆகாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தராசும் பிழைக்கும், அவசரத்தில் வாசிப்பவரும் பிழை விடுவார்.

நிறை ஒன்றுதான் காரணம் என்று உறையைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். திரும்பி வந்த உறையில் காரணம் எழுதப்பட்டிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. மற்ற வீடுகளில் வேறு காரணமும் இருக்கலாம். அதில் முதலாவது, முத்திரை கழன்று விழுந்திருப்பது. கல்யாண உறைகள் பளபளப்பாக, முத்துப் பூச்சுடன் அல்லது லாமினேற் செய்து வருகின்றன. முத்திரையின் பின்னால் இருக்கும் பசை சாதாரணத் தாளுக்குள் இறங்கிப் பிடிப்பதற்கென்று செய்யப்பட்டது. பூச்சின் மேல் அது வெறுமனே படிந்து கிடக்கும். காய்ந்ததும் ஓரம் எழும்பும், பையில் உரசும்போது முழுதாகக் கழன்றுவிடும். முத்திரை இல்லாத கடிதம் கட்டணமே கட்டாத கடிதம் என்று கணக்கில் எடுக்கப்படும், நிறை 15 கிராமாக இருந்தாலும் சரி.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காசு கட்டிய உறவினரிடம் உறையின் முன்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வலது மேல் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். முத்திரை இருந்து, அதன்மேல் திகதிக் குத்து விழுந்து, பிறகு கழன்றிருந்தால் வட்டக் குத்தின் ஒரு பகுதி மட்டும் உறையில் நிற்கும். வளைவு வந்துகொண்டே இருந்து, திடீரென்று நேர்கோட்டில் வெட்டியதுபோல நிற்கும். அந்த நேர்கோடுதான் முத்திரையின் ஓரம் இருந்த இடம். அதற்குள் தாளின் பளபளப்பு சற்று மங்கி, பசைத் தடம் நாற்சதுரமாகத் தெரியும். இப்படி இருந்தால் நீங்கள் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி, கட்டிய காசைக் கேட்டு எழுதுவதற்கு வலுவான ஆதாரமும் அதுதான். வட்டம் முழுதாக உறையிலேயே விழுந்திருந்தால், குத்துவதற்கு முன்பே முத்திரை போய்விட்டது. அப்போது வாதாட ஒன்றும் இல்லை.

இரண்டாவது காரணம் முத்திரைமேல் செலோடேப். கழன்றுவிடும் என்ற பயத்தில் பலர் மேலே டேப் ஒட்டுகிறார்கள். டேப்பின் மேல் குத்து மை பதியாது, துடைத்தால் போய்விடும். அதனால் அந்த முத்திரையை மறுபடி பாவிக்க முடியும். இதே காரணத்துக்காக அதை ஏற்காமல் விடுவது தபால் வேலையில் இருப்பவர்களுக்குப் பழகிய விசயம். டேப் வேண்டாம். வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி ஒட்டி, ஒரு துணியால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பூச்சு மிகவும் வழுக்கலாக இருந்தால் முத்திரை வரும் இடத்தை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் இரண்டு தரம் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். மூன்றாவது காரணம் பழைய கட்டணம். 2022க்கு முன் வாங்கி வைத்த 15 ரூபா முத்திரை அல்லது முத்திரை அச்சிட்ட உறை வீட்டில் கிடந்து, அதுவே போதும் என்று சில உறைகளில் ஒட்டப்பட்டிருக்கலாம். கல்யாண வேலையில் நாலு பேர் சேர்ந்து ஒட்டும்போது இது நடக்கிறது. ஒட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

தபாற்காரர் தன் பாட்டுக்கு வாங்கினாரா என்ற கேள்விக்கு வருகிறேன். அதை மனிதரை வைத்துத் தீர்க்க வேண்டாம், உறையை வைத்துத் தீர்க்கலாம். கட்டணம் குறைந்த கடிதத்தில் அது குறைவு என்ற அடையாளமும் அறவிட வேண்டிய தொகையும் இருக்க வேண்டும்: கையெழுத்தாகவோ, ரப்பர் குத்தாகவோ, ஆங்கில 'டீ' (T) எழுத்தாகவோ. உங்களுக்குத் திரும்பி வந்த உறையில் அப்படி எழுதியிருக்கிறது. மற்ற வீடுகளுக்குப் போன உறைகளில் ஒரு குறியும் இல்லாமல் காசு மட்டும் வாங்கப்பட்டிருந்தால் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. குறி இருந்தால் தபாற்காரர் கந்தோரில் ஒப்படைக்க வேண்டிய காசைத்தான் வாங்கியிருக்கிறார். அவரிடம் கோபித்துப் பயனில்லை. தொகையைப் பொறுத்தவரை, குறைந்த காசை இரட்டிப்பாக அறவிடுவது பிரித்தானியர் காலத்தில் இருந்து இந்தப் பக்கத்து நாடுகளில் வழக்கம். ஆகவே கேட்ட காசு நீங்கள் குறைத்து ஒட்டியதைவிடக் கூடுதலாக இருந்தால் அதுவே ஊழலுக்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு வீட்டாரும் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தனித்தனியே கேளுங்கள். ஒரே நிறை உறைக்கு ஒரே தொகை வந்திருக்க வேண்டும். ஒருவர் ஒரு தொகையும் இன்னொருவர் அதைப்போல மூன்று மடங்கும் கொடுத்திருந்தால் அங்கே கேள்வி இருக்கிறது.

பெறுபவர் மறுத்தால் கடிதம் அனுப்பியவரைத் தேடி வரும், பொறுப்பும் அனுப்பியவருக்குத்தான். உறையின் பின்புறம் உங்கள் முகவரி இருந்தபடியால் அது வந்து சேர்ந்தது. முகவரி இல்லாவிட்டால் யாருடையது என்று அறிவதற்காகவே கடிதத்தைத் திறக்க வேண்டி வரும். கல்யாண உறையின் அழகு கெட்டுவிடும் என்று பின்முகவரியை விட்டுவிடாதீர்கள். திரும்பி வந்த உறையை அப்படியே மறுபடி பெட்டியில் போடவும் வேண்டாம். குறியுடன் இருக்கும் உறை மறுபடியும் பிடிபடும். புதிய உறையில் புது முத்திரையுடன் அனுப்புங்கள், பழையதை ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் அறுபதையும் எப்படி நிறுப்பது என்று பார்ப்போம். வீட்டுச் சமையல் தராசில் ஒரு உறையை வைத்து "20" என்று காட்டினால் நம்ப வேண்டாம். ஒரு கிராம் படியில் காட்டும் தராசில் 20 என்பது 19.5இல் இருந்து 20.5 வரை எதுவாகவும் இருக்கலாம், சிக்கலே அந்த ஒரு கிராமுக்குள்தான். எல்லாம் முடிந்த உறைகள் பத்தை, அதாவது காட், வழிகாட்டித் தாள், பசை, முகவரி லேபிள், முத்திரை எல்லாம் சேர்ந்தவற்றை, ஒன்றாக வைத்து நிறுத்துப் பத்தால் பிரியுங்கள். 204 கிராம் என்றால் ஒன்று 20.4. தராசே சரியா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு படிக்கல் இருக்கிறது: 80 ஜீஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று சரியாக 5 கிராம் அளவு. புதுக் கட்டில் இருந்து நாற்பது தாளை எடுத்து வைத்தால் 200 கிராம் காட்ட வேண்டும். ஈரக்காற்றில் இரண்டு மூன்று கிராம் கூடலாம், அதைவிட விலகினால் தராசு பிழை. சராசரி 19 கிராமுக்குக் கீழே இருந்தால்தான் 50 ரூபாவை நம்பிப் பெட்டியில் போடுவேன். 19க்கும் 20க்கும் இடையில் இருந்தால் ஈரமும் மட்டையின் ஏற்றத்தாழ்வும் சேர்ந்து சிலதைத் தள்ளிவிடும்.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. வழிகாட்டித் தாளை எடுத்துவிட்டு அந்த விபரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், அல்லது உறையை 80 ஜீஎஸ்எம் தாளுக்கு மாற்றலாம். அதில் மட்டும் 120 ஜீஎஸ்எம் உறையைவிட இரண்டு கிராமுக்கு மேல் மிஞ்சும். இரண்டும் வேண்டாம் என்றால் எல்லா உறைக்கும் அடுத்த படிக் கட்டணத்தை ஒட்டிவிடுங்கள். என் எண்ணத்தில் இதுதான் சரி. அறுபது உறைக்கு ஆகும் கூடுதல் செலவு, பெரியவர் ஒருவர் வாசலில் நின்று உங்கள் வீட்டுக் கல்யாண அழைப்புக்குக் காசு கொடுக்க நேர்வதை விடப் பெரிதல்ல. அடுத்த படி எவ்வளவு என்பதை இணையத்தில் கிடக்கும் பழைய அட்டவணையில் பார்க்க வேண்டாம்; கட்டணங்கள் வர்த்தமானி மூலம் மாறுகின்றன, பழைய பக்கங்கள் அப்படியே கிடக்கின்றன. கவுண்டரில் ஒரு மாதிரி உறையைக் கொடுத்து நிறுக்கச் சொல்லி, கிராமையும் காசையும் ஒரு துண்டில் குறித்து வாங்குங்கள். அதன்பிறகு எல்லாவற்றையும் தெருவோரப் பெட்டியில் போடாமல் அதே கவுண்டரில் கட்டாக ஒப்படையுங்கள். அங்கே நிறுத்துச் சொன்ன கட்டணமே பிறகு குறைவு என்று வந்தால் அந்தத் துண்டு பேசும்.

பதிவுத் தபாலில் இந்தப் பிரச்சினை அரிதாகத்தான் வரும், ஏனென்றால் ஒவ்வொன்றும் கண்முன்னே நிறுக்கப்பட்டுப் பற்றுச்சீட்டு தரப்படுகிறது. ஆனால் எல்லா அழைப்பிதழுக்கும் அது வீண் செலவு. கூடுதலாகக் காசு வாங்கிவிட்டார்கள் என்ற மறுபக்கத் தவறும் நடக்கும். கவுண்டரில் உறையின் தடிப்பைப் பார்த்து நிறுக்காமலே மேல்படிக்குக் கணக்கிடுவார்கள். அதை முத்திரை ஒட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். குத்து விழுந்த முத்திரையின் காசைத் திரும்பப் பெறுவது நடைமுறையில் நடக்காத காரியம்.

முறைப்பாடு செய்வதென்றால் கொழும்பில் தொடங்க வேண்டாம். காசு அறவிட்ட ஊரின் தபால் அதிபருக்கு எழுதுங்கள், அன்றைய கணக்கு அவரிடம்தான் இருக்கும். போட்ட திகதி, போட்ட இடம், சேர்ந்த திகதி, கேட்ட தொகை, உறையின் இரண்டு பக்கப் போட்டோ, அதே மாதிரி உறையைத் தராசில் வைத்த போட்டோ ஆகியவற்றைச் சேருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பதில் இல்லாவிட்டால் பிரதேச அத்தியட்சகருக்கும், பிறகு டீ. ஆர். விஜேவர்தன மாவத்தை, கொழும்பு 10இல் உள்ள தலைமையகத்தில் தபால் மா அதிபருக்கும் பிரதி அனுப்பலாம். தமிழிலேயே எழுதுங்கள். அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உங்களுக்கு உரிமை தருகிறது, கொழும்பிலும் அது பொருந்தும். உங்கள் விடயத்தில் ஒரு உறைக்கு மட்டும் என்றால் முறைப்பாடு செய்யும் நேரம் காசைவிடப் பெறுமதி. முத்திரை கழன்ற சாட்சி இருந்தாலோ, குறி இல்லாமல் காசு வாங்கப்பட்டிருந்தாலோ, ஒரே கந்தோரில் திரும்பத் திரும்ப நடந்திருந்தாலோ கட்டாயம் எழுதுங்கள்.

கடைசியாகக் கனடாவும் லண்டனும். வெளிநாட்டுக் கட்டணம் நாட்டுக்கு நாடு வேறு, நிறைப்படியும் உள்நாட்டுக் கணக்கல்ல. கனடாவுக்குக் கேட்டதை லண்டனுக்கு ஒட்ட வேண்டாம். சர்வதேச விதிப்படி, கட்டணம் குறைந்த கடிதத்தில் அனுப்பும் நாடுதான் 'டீ' எழுத்தைக் குத்தி, அதன் பக்கத்தில் ஒரு பின்னம் எழுத வேண்டும். மேலே குறைந்த தொகை, கீழே அந்த நாட்டின் வெளிநாட்டுக் கடிதத்துக்கான முதல் படிக் கட்டணம். பெறும் நாடு அந்தப் பின்னத்தைத் தன் சொந்தக் கட்டணத்தால் பெருக்கி, கையாளும் கூலியையும் சேர்த்து அறவிடும். இங்கே பாதிக் கட்டணம் குறைந்திருந்தால், அங்கே அவர்களுடைய வெளிநாட்டுக் கட்டணத்தில் பாதி. கூலி அதற்கு மேல். நம் ரூபாக் கணக்கில் சின்னத் தொகை அங்கே டொலரிலும் பவுணிலும் ஏறி நிற்பது இதனால்தான். 'டீ' குத்தப்படாத கடிதத்தைக் கட்டணம் கட்டியதாகவே அங்கே எடுத்துக்கொள்வார்கள் என்பதால், இங்கே பிடிபடாதது அங்கே பெரும்பாலும் பிடிபடாது. ஆனால் அதை நம்பி அனுப்ப வேண்டாம். 165 மில்லிமீற்றருக்கு 245, தடிப்பு 5 மில்லிமீற்றர் என்பதைத் தாண்டினால் உறை சிறிய கடித வகையில் இருந்து பெரிய கடித வகைக்குப் போய்விடும். உங்கள் 7க்கு 5 காட் நீள அகலத்தில் தாராளமாக உள்ளே இருக்கிறது. காட்டின் மேல் ஒட்டியிருப்பதாக நீங்கள் சொன்ன சின்னப் பிள்ளையார் உருவம் எவ்வளவு தடிப்பு என்று அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஐந்துக்கு மேல் என்றால் வெளிநாட்டு உறைகளில் உருவம் ஒட்டாத காட்டை வைத்து அனுப்புங்கள்.